போன் லைனில் படித்த நேர்ஸ் படிப்பும் வசந்தி அக்காவின் அட்டையும்

1

போன மாதம் என்னைப் படம் எடுத்தார்கள். கல்யாணப் பேச்சுக்கு அல்ல, அது அம்மாவின் தனித் திட்டம். இது சுகாதார அட்டைக்கு. இவ்வளவு காலமும் எங்களிடம் இருந்தது சிவப்பும் வெள்ளையுமான ஒரு பிளாஸ்ரிக் துண்டு. அதில் பெயரும் இலக்கமும் மட்டும்தான், முகம் கிடையாது. அதை நீட்டினால் டொக்டருக்கும் காசில்லை, ஆஸ்பத்திரிக்கும் காசில்லை. இப்போது படம் போட்ட புது அட்டைக்கு மாறச் சொல்லிக் கடிதம் அனுப்புகிறார்கள். ஸ்காபுரோ அலுவலகத்தில் இரண்டரை மணித்தியாலம் வரிசையில் நின்று கமராவுக்கு முன்னால் போய் இருந்தேன். சிரிக்க வேண்டாம் என்றாள் அங்கே இருந்த பெண். அதை எனக்குச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. நான் ரஞ்சியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதே கிழமை தர்சினியின் கடிதம் வந்தது. தர்சினி என்னோடு எட்டாம் வகுப்பு வரை ஒரே வாங்கில் இருந்தவள். இப்போது வவுனியாவில் நேர்ஸ். கொம்பியூட்டரில் நேர்ஸ் பிரக்டிஷனர் படிக்கிறாயாம், அது எப்படி, உள்ளே போனால் என்னவெல்லாம் எதிர்பார்க்க வேண்டும், கடைசியில் டொக்டர் என்று கூப்பிடுவார்களா என்று கேட்டு இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். பதில் எழுதத் தொடங்கினேன். அது இரண்டு பக்கத்தில் நிற்கவில்லை. அவளைப் போலக் கேட்கிறவர்கள் அங்கே வேறும் இருப்பார்கள் என்பதால் உங்கள் எல்லாருக்குமாக அனுப்புகிறேன்.

டொக்டர் என்று கூப்பிட மாட்டார்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது, இது ரஞ்சி என்கிற ஒருத்தியைப் பற்றியதும்தான். அவளுடைய உடம்பு வருத்தத்தை நேரத்தோடு பிடித்து மாற்ற ஒரு வழி திறந்திருந்தது. அந்த வழியை நான் எப்படி அடைத்தேன் என்பதை விட்டுவிட்டு இந்தப் படிப்பைப் பற்றி எழுத எனக்கு வராது. ரஞ்சி, வசந்தி இரண்டும் நான் வைத்த பெயர்கள். உண்மையான விபரத்தை ஒருதரம் எழுதி நான் பார்த்த வேலை போதும்.

2

நான் பதின்மூன்று வயதில் இங்கே வந்து, பள்ளிக்கூடம் முடித்து, யூனிவர்சிற்றியில் நேர்ஸிங் படித்து, மூன்று வருடம் ஆஸ்பத்திரியில் வேலை செய்தவள். நேர்ஸ் பிரக்டிஷனர் என்பது அதற்கு மேல் ஒரு படி. சில வருத்தங்களை டொக்டரைக் கேட்காமலே கண்டுபிடிக்கலாம், சோதனைக்கு அனுப்பலாம், சில மருந்துகளை எழுதலாம். இங்கே அதற்குச் சட்டம் வந்தே கொஞ்சக் காலம்தான். கைக்குழந்தையிலிருந்து கிழவர் வரை ஒரு குடும்பத்தில் இருக்கிற எல்லாரையும் பார்க்கப் பழக்குவார்கள். வேலையை விடாமல் படிக்கட்டும் என்று பெரும்பாலான பாடங்களைக் கொம்பியூட்டரில் வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் இருந்தபடி, பிஜாமாவோடு, தேத்தண்ணி குடித்துக்கொண்டு படிக்கலாம் என்றுதானே நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நீங்கள் முதலில் எதிர்பார்க்க வேண்டியது வீட்டில் சண்டை. எங்கள் வீட்டில் இருப்பது ஒரு போன் லைன். மொடெம் அந்த லைனைப் பிடித்துக்கொண்டு, பிரேக் தேய்ந்த சைக்கிள் மாதிரிக் கிரீச்சிட்டு, ஒரு வழியாக யூனிவர்சிற்றியோடு சேரும். அந்த நேரம் அம்மா குசினியில் ரிசீவரைத் தூக்கினால் அரை மணித்தியாலம் எழுதியது எல்லாம் போச்சு. மொன்றியலில் இருக்கிற சித்தப்பா மூன்று நாள் போன் எடுத்துப் பார்த்துவிட்டு, நாங்கள் கோபத்தில் போனைக் கழற்றி வைத்திருக்கிறோம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு நான் படிக்கிறேன் என்பதிலேயே நம்பிக்கை இல்லை.

"போனுக்குள்ளாலை நேர்ஸ் படிக்கிற ஆளை இப்பதான் பாக்கிறன்," என்றார் ஒருநாள். "நாளைக்கு ஊசியையும் போனுக்குள்ளாலைதான் போடுவியோ?"

அடுத்தது, முகமில்லாத வாத்தியார். எங்கள் வாத்தியார் பற்றீசியா வடக்கே ஏதோ ஒரு ஊரில் இருக்கிறார். அவர் குரலை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் எழுதுவார், நாங்கள் பதினெட்டுப் பேர் எழுதுவோம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் கொம்பியூட்டருக்கு முன்னால் வர வேண்டும். அதுதான் வகுப்பு. கேள்வி ஒன்று திரையில் விழும். யார் முதலில் எழுதுகிறாரோ அவர்தான் கெட்டிக்காரர். நான் வேகமாகத் தட்டுவேன். பள்ளிக்கூடத்தில் இங்கிலிஸ் பேசினால் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தவளுக்கு, உச்சரிப்பு இல்லாத ஒரு வகுப்பு கிடைத்தால் எப்படி இருக்கும். பதினெட்டுப் பேரில் நான்தான் முதலாவது என்று எனக்கு இரண்டாம் கிழமையே தெரியும். மற்றவர்களுக்கும் தெரியப்படுத்தினேன்.

மூன்றாவது, ஆள் தேடல். கொம்பியூட்டர் பாடம் சொல்லித்தரும், நோயாளியைக் காட்டாது. உங்களைப் பக்கத்தில் வைத்துப் பழக்குவதற்கு ஒரு டொக்டரை நீங்களே பிடிக்க வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் படிப்பு அதோடு சரி. பதினொரு கிளினிக்குக்குப் போன் எடுத்தேன். ஓம் என்றது மோர்னிங்சைட் பக்கம் இருக்கிற ஒரு தமிழ் டொக்டர் மட்டும்தான். புதன்கிழமைகளில் வரச் சொன்னார்.

3

டொக்டர் அறுபது வயதுக்காரர். குறைவாகப் பேசுவார். நோயாளி சொல்லும்போது பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்பார், அவர்கள் போன பிறகுதான் எழுதுவார். எனக்கு அது பழைய காலத்துச் சோம்பல் மாதிரித் தெரிந்தது. நான் கேட்கக் கேட்க எழுதுகிறவள். அப்படித்தான் பாடத்திலும் இருந்தது.

அவருடைய பைல்கள் எல்லாம் காகிதம். சில பைல்களில், சில தேதிகளுக்கு இடது பக்கம், பென்சிலால் ஒரு புள்ளி இருக்கும். கடுகளவு. யோசிக்கும்போது பென்சிலைத் தட்டுகிற பழக்கமாக்கும் என்று விட்டுவிட்டேன். அதைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

போன வருடம் பனி கரைகிற காலம். டொக்டர் ஒரு பைலைத் தந்து, இந்தப் பெண்ணுக்கு இடையிடையே இரத்தம் படுகிறது, உள்ளே பார்க்க வேண்டும், ஆம்பிளை டொக்டர் தொடக்கூடாது என்று இரண்டு மாதமாக மறுக்கிறார், நீர் கேட்டுப் பாரும் என்றார். பைலில் பெயர் வசந்தி, வயது நாற்பத்திமூன்று. அறைக்குள் இருந்தவருக்கு முப்பதுக்கு மேல் மதிக்க முடியாது. குளிர் கோட்டைக் கழற்றாமல், கதிரையின் நுனியில், மடியில் பையோடு இருந்தார். நல்ல தோல்வாகு என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

நான் நல்லாகக் கதைப்பேன், அதில் பொய் இல்லை. அவருக்கு மார்க்கம் நகரில் ஒரு கொம்பனியில் வயர் பொருத்துகிற வேலை, கையில் சின்னச் சின்னச் சுட்ட காயங்கள். அந்தக் காயங்களில் தொடங்கி, வேலை, சுப்பவைசர், பஸ் என்று பேசிப் பேசி, கடைசியில் கட்டிலில் படுக்கச் சம்மதிக்க வைத்தேன். உடம்பெல்லாம் இறுகிக் கிடந்தது.

"அக்கா, மேலை சீலிங்கிலை ஓட்டை ஓட்டையாக் கிடக்கெல்லோ," என்றேன். "நான் பாத்து முடிக்கிறதுக்கிடையிலை அந்தச் சதுரத்துக்கை எத்தினை எண்டு எண்ணிச் சொல்லுங்கோ. போன கிழமை வந்த ஆள் நூற்றிநாலு எண்டவ."

கருப்பை வாயிலிருந்து சோதனைக்கு எடுத்து முடித்துக் கையுறையைக் கழற்றும்போது மேலே பார்த்தபடியே சொன்னார்.

"நூற்றிப்பத்து. அவ பிழையா எண்ணியிருக்கிறா."

இருவரும் சிரித்தோம். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பகிடி அது.

முடிவு இரண்டு கிழமையில் வந்தது. கூடாத முடிவு. புற்றுநோய்க்கு முந்தின கட்டமாக இருக்கலாம், அதைத் தாண்டியும் இருக்கலாம், ஆஸ்பத்திரியில் ஒரு சின்னத் துண்டு வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். நேரத்தோடு செய்தால் மாற்றிவிடலாம், விட்டால் ஆளைக் கொண்டுபோகும். டொக்டர் இதை மெதுவாகத் தமிழில் சொன்னார். மூன்று கிழமையில் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் நாள் கிடைத்தது.

வெளியே போகும்போது அந்தப் பெண் என்னிடம் கேட்டார். "நீங்களும் அண்டைக்கு வருவீங்களோ?"

"வியாழன் பத்து மணிக்கு எனக்கு வகுப்பு அக்கா," என்றேன்.

"சரி, பரவாயில்லை," என்றார்.

4

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான், எனக்குத்தான் நினைவுக்கு வராமல் போனது.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் பெரியாஸ்பத்திரிக்கு மருந்து எடுக்கப் போகும்போது கொப்பி கொண்டுபோவோம். பள்ளிக்கூடக் கொப்பிதான். டொக்டர் அதில்தான் எழுதுவார். எங்கள் வீட்டில் நாலு பிள்ளைகளுக்கும் ஒரு கொப்பி. அட்டையில் மூத்த அக்காவின் பெயர். உள்ளே என் காய்ச்சல், தம்பியின் சொறி, அக்காவின் இழுப்பு, எல்லாம் வரிசையாக இருக்கும். கடைகள் பூட்டிக் கிடந்த காலத்தில் கொப்பி தட்டுப்பாடு, பக்கத்து வீட்டு நகுலாவுக்கும் அதில்தான் எழுதினார்கள். டொக்டர் பெயரைப் பார்த்ததே இல்லை, ஆளைப் பார்த்தார். மருந்துக் கொப்பி என்றால் அது வீட்டுக்குரியது, ஆளுக்குரியது அல்ல.

அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்து இறங்கிய சனத்திடம் படமில்லாத ஒரு அட்டையைக் கொடுத்தால் என்ன நடக்கும். அரசாங்கத்துக்கு அது களவு. எங்கள் ஆட்களுக்கு அது கொப்பி. தாய்க்கு விசிற்றர் விசா, மகள் அட்டை கொடுத்தாள். மச்சானின் அகதிக் கேஸ் தள்ளுபடி, இன்னொருவர் கொடுத்தார். மோர்னிங்சைட்டில் லிப்டில் ஏறினால் இந்தக் கதை காதில் விழும். நானே கேட்டுச் சிரித்திருக்கிறேன். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொன்னால் அது பொய். தெரிந்ததை நினைக்க நான் நேரம் எடுக்கவில்லை. அதுதான் உண்மை.

5

ஐந்தாம் பாடம் நோயாளியின் பாதுகாப்பு. ஒரு நோயாளியின் பைலை முதலிலிருந்து கடைசிவரை வாசித்து, அதில் இருக்கிற ஆபத்து ஒன்றைக் கண்டுபிடித்து, பெயர் சொல்லாமல் வகுப்புப் பலகையில் எழுத வேண்டும். பலகை என்றால் பதினெட்டுப் பேரும் வாசிக்கிற திரை. நான் வசந்தியின் பைலை எடுத்தேன்.

பைலின்படி வசந்திக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் வயிற்றைக் கீறி எடுத்தவை. நான் பார்த்த வயிற்றில் கீறின தழும்பு இல்லை. பைலில் ஐந்தடி நாலு அங்குலம். நான் பார்த்தவர் என் தோளுக்கு வருவார். பைலில் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது. என்னிடம், எந்த மருந்தும் ஒத்துக்கொள்ளும் என்றார். எனக்கு நெஞ்சு அடித்தது, பயத்தில் அல்ல. பெரிய மீன் பட்ட சந்தோசத்தில். ஒரே பெயரில் இரண்டு வசந்திகள் இருக்க வேண்டும், யாரோ இரண்டு பேருடைய காகிதங்களையும் ஒரே பைலில் குத்திவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். தமிழ்ப் பெயர்கள் எல்லாம் இங்கே குழம்புகிறவைதானே. ஒரு பைல், இரண்டு நோயாளிகள் என்று தலைப்புப் போட்டு இருபது நிமிடத்தில் எழுதி அனுப்பினேன்.

பற்றீசியாவின் பதில் அன்றே வந்தது. மிகக் கூர்மையான கண்டுபிடிப்பு என்று தொடங்கி, இது காத்திருக்கக்கூடிய விஷயம் இல்லை, நோயாளி போகப்போகிற இடத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும் என்று முடித்திருந்தார்.

அன்று புதன்கிழமை. அடுத்த நாள் ஆஸ்பத்திரி. டொக்டர் ஒரு கல்யாணத்துக்கு மொன்றியல் போயிருந்தார், அவருடைய இடத்துக்கு வந்த டொக்டருக்கு எதுவும் தெரியாது. மொன்றியலுக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம். வசந்தியின் வீட்டுக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம். இலக்கம் பைலின் முதல் பக்கத்திலேயே இருந்தது. நான் கிளினிக் தாளில், நாளை வருகிற நோயாளியும் பைலில் உள்ளவரும் ஒருவரா என்பதில் சந்தேகம் இருக்கிறது, படமுள்ள இன்னொரு அடையாளப் பத்திரத்தையும் பார்த்த பிறகு உள்ளே எடுக்கவும் என்று எழுதி, என் கையெழுத்தை வைத்து ஃபாக்ஸில் அனுப்பினேன். ஃபாக்ஸ் போய்ச் சேர்ந்தது என்று ஒரு சின்னத் துண்டு வெளியே வரும். அதையும் கவனமாக பைலில் குத்தினேன்.

வியாழன் பத்து மணிக்கு வகுப்பு என் பெயரோடு தொடங்கியது. பதினேழு பேரும் வாழ்த்தி எழுதினார்கள். நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தேன்.

பின்னேரம் சாப்பிடும்போது அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. தழும்பு, உயரம், இரண்டு பேர், நான் பிடித்தது, ஃபாக்ஸ். அம்மா புட்டைக் குழைத்த கையை எடுத்துச் சாப்பாட்டுக் கோப்பையின் விளிம்பில் வைத்தார்.

"அது தமக்கையின்ரை ஹெல்த் காட்டெல்லே," என்றார்.

எந்தத் தமக்கை என்று கேட்டேன்.

"தங்கச்சிக்காரி விசிற்றர் விசாவிலை வந்து நிண்டிட்டாளாக்கும். காட் இல்லாட்டி உந்தத் துண்டு வெட்டுறதுக்கு ஆர் காசு கட்டுறது? நீ என்ன செய்துபோட்டு வந்திருக்கிறாய், சுகி?"

பாடத்தில் படிக்காத அம்மாவுக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கிளினிக்குக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாள் வந்தது. நோயாளி பத்து மணிக்கு முன்பே வந்தார், அடையாளப் பத்திரம் கேட்டபோது எடுத்து வருகிறேன் என்று வெளியே போனார், திரும்பி வரவில்லை. அவ்வளவுதான். வெளியே போனார் என்பதை வாசித்தபோது அந்தக் குளிர் கோட்டும் மடியில் இருந்த பையும்தான் எனக்குத் தெரிந்தன.

6

அடுத்த புதன்கிழமை டொக்டர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசையில் வசந்தியின் பைல், அதற்கு மேல் என்னுடைய ஃபாக்ஸ். ஏசுவார் என்று எதிர்பார்த்து நின்றேன், பதில்களும் தயாராக வைத்திருந்தேன். பாடம் அப்படித்தான் சொல்கிறது, பெனிசிலின் போட்டு ஆள் செத்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்க இருந்தேன்.

அவர் பைலைத் திறந்து ஒரு புள்ளியில் விரலை வைத்தார்.

"இது ரஞ்சி," என்றார். பக்கத்தைத் திருப்பினார். "இதுவும் ரஞ்சி. புள்ளி இல்லாதது தமக்கை. நான் குழம்பேல்லைப் பிள்ளை. ஒருநாளும் குழம்பேல்லை."

"எனக்கு நீங்கள் சொல்லியிருக்கலாம்," என்றேன். என் குரல் எனக்கே சின்னப் பிள்ளையின் குரல் மாதிரிக் கேட்டது.

"ஓம். சொல்லியிருக்கலாம். சொன்னால் நீரும் குற்றவாளி எண்டு நினைச்சன்." ஃபாக்ஸை என் பக்கம் திருப்பி வைத்தார். "நீர் என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். இரண்டும் நடக்கேல்லை."

ஆஸ்பத்திரி விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறது என்றார். பைலைக் கேட்டு வரலாம் என்றார். தன்னுடைய லைசன்ஸ் போனால் இந்தக் கிளினிக்கை நம்பி இருக்கிற சனம் எங்கே போகும் என்று அவர் சொல்லவில்லை, நானாகத்தான் கணக்குப் போட்டேன். லாச்சியைத் திறந்து ஒரு அழிறப்பரை எடுத்து என் முன்னால் வைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாவிக்கிற, ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் சிவப்பு.

"நீரே அழியும்."

ஏழு புள்ளி. நான்தான் அழித்தேன். இருமல், பல்வலி, குளிரில் மூக்கால் இரத்தம், பிறகு அந்தப் பெரிய சோதனை. ரஞ்சி இந்த நாட்டில் இருந்தாள் என்பதற்கு வேறு எங்கும் ஒரு எழுத்துக் கிடையாது. அழித்து முடித்துத் தூளை ஊதிவிட்டேன். இனி அந்தப் பைலில் ஒரு ஆள்தான்.

ஆனால் காகிதத்தின்படி அந்தக் கூடாத முடிவு இப்போது வசந்தி அக்காவுக்குரியதாகிவிட்டது. ஆஸ்பத்திரி அவரைக் கூப்பிட்டுக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டது. கடைசியில் அவர் வேறு ஒரு பெண் டொக்டரிடம் போய்த் தன் உடம்பைச் சோதித்துக்கொண்டார். ஒரு பிழையும் இல்லை என்று முடிவு வந்தது. கடிதங்கள் நின்றன. பாடத்துக்காக, என் நோயாளிக்குப் பிறகு என்ன நடந்தது என்று நான் பலகையில் எழுத வேண்டியிருந்தது. இரண்டாம் சோதனை சுத்தம் என்று எழுதினேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. மிக நல்ல முடிவு என்று பதில் போட்டு, வகுப்பிலேயே கூடின மார்க்ஸையும் தந்தார் பற்றீசியா.

7

எட்டாம் பாடம் வந்தது. அட்டை இல்லாதவர்கள். இந்த நகரத்தில் அப்படிப்பட்டவர்களைப் பார்ப்பதற்கென்றே சில நிலையங்கள் இருக்கின்றன, பெயர் விலாசம் என்று துருவ மாட்டார்கள், தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியோடு பேசி ஒழுங்கு செய்வார்கள், நேர்ஸ் பிரக்டிஷனர்களுக்கு அங்கேதான் வேலையும் அதிகம் என்று எழுதியிருந்தது. ஐந்தாம் பாடத்துக்கும் எட்டாம் பாடத்துக்கும் இடையில் ஆறு கிழமை. தர்சினி, இந்தப் படிப்பில் எல்லாம் இருக்கிறது. எது முதலில் வரும் என்பதை நீ தீர்மானிக்க முடியாது.

விலாசத்தைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வசந்தி அக்காவின் அப்பார்ட்மென்ட்டுக்குப் போனேன். ஏழாம் மாடி. கதவைத் திறந்தது பத்து வயதுப் பெண் பிள்ளை. சங்கிலியைக் கழற்றாமல் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி, இங்கிலிஸில், சித்தியைத் தெரியாது என்று சொல்ல வேண்டிய ஆள் இவவா, மம் என்று கேட்டது. ரொறன்ரோவில் பிறந்த பிள்ளை. பொய்யையும் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறது.

வசந்தி அக்கா வந்தார். உயரமான ஆள். அப்போதுதான் நான் அவரை முதன்முதல் நேரே பார்த்தேன்.

"அக்கா, நான் கிளினிக்கிலை இருந்து வாறன்."

"தெரியும்."

"தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போக ஒரு இடம் கிடக்கு. காட் தேவையில்லை. நான் பிழை செய்துபோட்டன், அதுக்காக அவவை—"

"எனக்கு இஞ்சை தங்கச்சி எண்டு ஒருத்தரும் இல்லைப் பிள்ளை," என்றார். கோபமே இல்லை. ஒரு கவுண்டரில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி. அவருக்குப் பின்னால், சப்பாத்துகள் வைக்கிற இடத்துக்கு மேலே, அந்தக் குளிர் கோட்டு கொழுவியில் தொங்கியது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

தாளைக் கதவுக்குக் கீழால் தள்ளினேன். லிப்டுக்கு நான் போய்ச் சேர முதல் அது திரும்பி வெளியே வந்தது.

8

அதற்குப் பிறகு ஒன்றேகால் வருடம். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தால் கொம்பியூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்று பேப்பரில் பயமுறுத்துகிறார்கள். அதற்கு முன்பே எனக்குப் படிப்பு முடிந்துவிடும். டொக்டருக்கு ஒன்றும் நடக்கவில்லை. என்னை அவர் அனுப்பவும் இல்லை, புதன்கிழமைகளில் இன்னும் போகிறேன். புள்ளி போடுவதை அவர் விட்டுவிட்டார். படம் போட்ட அட்டை வரவர, அதற்குத் தேவையும் குறைந்துகொண்டு போகிறது.

நான் படம் எடுத்த கிழமை வசந்தி அக்கா கிளினிக்குக்கு வந்தார். தடிமன் காய்ச்சலுக்குக் குளிர்காலத்தில் போடுகிற ஊசிக்கு. புது அட்டையை மேசையில் வைத்தார். படத்தில் அவர், சிரிக்காமல். நான் ஊசியைப் போட்டுப் பஞ்சை வைத்து அழுத்தினேன். சட்டைக் கையை இறக்கியவர் எழும்பவில்லை.

"பிள்ளை, ஒண்டு கேக்கட்டே. எனக்கில்லை. தெரிஞ்ச ஆள் ஒருத்திக்கு."

"கேளுங்கோ அக்கா."

"அவவுக்கு இரத்தம் படுறது நிக்குதே இல்லை. இப்ப நாரி, இடுப்பெல்லாம் சரியான நோவாம். ஒரு கால் வீங்கிப்போய்க் கிடக்கு." கையிலிருந்த பஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கடையிலை சும்மா வாங்கக்கூடிய குளுசை மருந்து ஏதும் இருக்கோ?"

கால் ஏன் வீங்குகிறது, அது புற்றுநோயின் எந்தக் கட்டத்தில் வரும் என்பது பாடத்தில் இருக்கிறது. வகுப்பில் அந்தக் கேள்வி வந்தபோது முதலில் பதில் எழுதியது நான்தான்.

"குளுசை இல்லை அக்கா. ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"அவவுக்குக் காட் இல்லை."

"காட் வேண்டாம். இஞ்சை வரப் பயமெண்டால் நான் வேறை இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன். நானே வந்து ஏத்துறன். ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம். நான் ஒண்டும் எழுதமாட்டன்."

அவர் என் கையைப் பார்த்தார். ஊசி போட்ட தேதியை பைலில் எழுதுவதற்காகப் பேனையைத் திறந்து பிடித்திருந்தேன். அவர் பேசத் தொடங்கும்போதே அது என் விரலில் இருந்தது, நான் உணரவில்லை.

"சொல்லிப் பாக்கிறன் பிள்ளை," என்றார். அட்டையை எடுத்துப் பையில் வைத்துச் சிப்பை இழுத்து மூடினார்.

அவர் போன பிறகு பைலில் எழுதினேன். இன்ன மருந்து, இடது கை. பழைய பக்கங்களில் புள்ளிகள் இருந்த இடம் அழிறப்பர் தேய்த்துக் கொஞ்சம் மினுங்குகிறது, வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்தால் ஏழும் தெரியும்.

அதற்குப் பிறகு மூன்று புதன்கிழமை போய்விட்டது. கதவு மணி அடிக்கிற ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்க்கிறேன். வேறு யாராவதுதான் வருகிறார்கள். பேனையை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் இப்போது அவர்களை உள்ளே கூப்பிடுகிறேன்.